மந்திரவாதிகள் கையைக் கழுவியபோது

திருடன் போலீஸ் விளையாட்டு ஏன் எப்போதும் நிஜச் சண்டையில் முடிகிறது? யோசித்திருக்கிறீர்களா?

போலீஸ் விரலை நீட்டி 'டுமீல்' என்கிறான். 'நீ செத்துட்டே' என்கிறான். திருடனோ, 'குண்டு காதோரமா போயிடுச்சே' என்கிறான். 'பட்டுச்சு.' 'படலை.' 'பட்டுச்சுடா!' அவ்வளவுதான். யாராவது ஒருத்தன் சட்டை கிழியாமல் அன்றைய ஆட்டம் முடியாது. வேஷம் இருக்கிறது. கதை இருக்கிறது. ஆயுதம்கூட இருக்கிறது. குண்டு பட்டதா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

அந்த ஆளைப் பற்றியதுதான் இந்த வாரக் கதை. அவர் எங்கே பிறந்தார், எப்படிக் கடவுள் ஆனார், ஒரு நாள் 'போதும்டா சாமி, எனக்கு இந்தக் கடவுள் உத்தியோகமே வேண்டாம்' என்று ராஜினாமா செய்தபோது என்ன நடந்தது?

முதலில் பிரஷ்யா. இன்றைய ஜெர்மனிக்கு அஸ்திவாரம் போட்ட ராணுவ ராஜ்ஜியம். அங்கே ரைஸ்விட்ஸ் என்று ஓர் அப்பா, ஒரு பிள்ளை. அப்பா 1812-ல் மன்னருக்குச் செய்து காட்டிய ஒரு போர் விளையாட்டை, ராணுவ அதிகாரியான பிள்ளை திருத்தி, மெருகேற்றி, 1824-ல் விதிமுறைப் புத்தகமாகவே கொண்டுவந்துவிட்டார். மேஜைமேல் வரைபடம். அதன்மேல் படைகளைக் குறிக்கும் சின்னச் சின்னக் கட்டைகள். மோதுவது இரண்டு தரப்பு. ஆனால், கட்டைகளை நகர்த்துவது அவர்கள் இல்லை. நடுவில் ஒருவர் இருப்பார். தளபதிகள் உத்தரவுகளைத் துண்டுச்சீட்டில் எழுதி அவரிடம் கொடுக்கவேண்டும். எதிரிப் படை எங்கே ஒளிந்திருக்கிறது, யார் கண்ணுக்கு எது தெரியும் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் வெளிச்சம். தாயம் உருட்டுவார். அட்டவணை பார்ப்பார். 'உன் ஆட்களில் இத்தனை பேர் காலி' என்பார்.

பிரச்னை என்னவென்றால், அட்டவணை பார்த்தே பொழுது போய்விடும். 1876-ல் ஃபெர்டி டு வெர்னுவா என்கிற ஜெர்மானிய ராணுவ அதிகாரி ஒரு யோசனை சொன்னார். தாயமும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். போரை நேரில் பார்த்த அனுபவசாலி ஒருவரை நடுவில் உட்காரவையுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு.

கவனித்தீர்களா? புத்தகத்தின் இடத்தில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதே காலகட்டத்தில், 1880-ல், அமெரிக்க ராணுவத்தில் சார்லஸ் டாட்டன் என்கிற லெஃப்டினென்ட்டும் ஒரு போர் விளையாட்டுப் புத்தகம் எழுதினார். அதிலும் நடுவருக்குச் சர்வ அதிகாரம். ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம், பலித்ததா இல்லையா என்று நடுவர் சொல்வார். புத்தகம் லைப்ரரிகளில் தூசி படிந்து கிடந்தது. 1960-களில் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அதைத் தூசி தட்டி எடுத்தார் டேவிட் வெஸ்லி என்கிற இளைஞர்.

வெஸ்லிக்கும் நண்பர்களுக்கும் பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை போடுவது பொழுதுபோக்கு. 1969-ல் ஒரு புதிய ஆட்டம் வைத்தார். நெப்போலியன் காலம். பிரவுன்ஸ்டைன் என்று கற்பனையாக ஒரு ஜெர்மானியச் சிற்றூர். இரண்டு படைகள் அதை நோக்கி வருகின்றன. ஆனால், ஆட வந்த கூட்டமோ அதிகம். எல்லோருக்கும் கொடுக்கப் படை ஏது? வெஸ்லி ஒருவரை ஊர் மேயர் ஆக்கினார். இன்னொருவரைப் பேங்க்காரர் ஆக்கினார். இன்னொருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் ஆக்கினார்.

அதோடு ஆட்டம் கையை விட்டுப் போனது. மேயர் பேங்க்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் என்னமோ ரகசியம் பேசினார். இரண்டு பேர் டூயல் சண்டைக்கு நாள் குறித்தார்கள். படைகள் ஊருக்கு வந்துசேரவே இல்லை. மொத்தமும் சொதப்பல் என்று தலையில் கை வைத்துக்கொண்டார் வெஸ்லி. நண்பர்களோ, அடுத்த ஆட்டம் எப்போது என்று துளைத்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன், இதையே மந்திரமும் அரக்கர்களும் உள்ள உலகத்துக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் என்றொருவர். முன்னாள் இன்ஷூரன்ஸ் ஊழியர், பிறகு செருப்பு தைத்துச் சம்பாதித்தவர். இரண்டு பேரும் சேர்ந்ததில் பிறந்ததுதான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் வெளியானது. முதலில் போட்டது 1,000 பெட்டிகள். விலை 10 டாலர். பிற்பாடு இது கோடிகள் புரளும் வியாபாரமாகி, உரிமை யாருக்கு என்று ஆர்னசனும் கைகாக்ஸும் கோர்ட்டுக்குப் போனது தனிக் கதை. பணம் வந்தால் வக்கீலும் வருவார்.

ஆட்டம் எப்படி? நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி. ஒருவர் கதை சொல்வார். 'இருட்டுக் குகை. எதிரே ஒரு கதவு. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடும் சத்தம். என்ன செய்கிறாய்?' உடைக்கிறேன் என்பார் ஒருவர். ஓடுகிறேன் என்பார் இன்னொருவர். உடைந்ததா, ஓட முடிந்ததா என்பதைக் கதை சொல்பவர் தாயம் உருட்டி அறிவிப்பார். ஜெயிப்பது தோற்பது கிடையாது. வாரக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நீளும். நடுவில் இருப்பவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மழை அவர் சொன்னால் பெய்யும். ராஜா அவர் சொன்னால் சாவார்.

இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் ஆடமாட்டாரா? ஆடுவார்தான். ஆனால், ஒரு கடிவாளம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய நண்பர்கள். ரொம்ப அடாவடி பண்ணினால் எழுந்து போய்விடுவார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் ஒரு செருப்புகூட இருக்காது. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

முகம் தெரியாதவர்கள் ஆடினால்?

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம். 1978. ராய் டிரப்ஷா என்கிற மாணவர் அங்கிருந்த டெக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் ரிச்சர்ட் பார்ட்டில் என்கிற சக மாணவர் சேர்ந்துகொண்டார். 1980 வாக்கில் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்துவிட்டது. மல்ட்டி யூசர் டஞ்சன். சுருக்கமாக 'மட்'. படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் எழுத்து. 'நீங்கள் ஒரு குறுகிய பாதையில் நிற்கிறீர்கள்' என்கிற மாதிரி திரையில் வரி வரும். 'வடக்கே போ' என்று நீங்கள் டைப் செய்யவேண்டும். இதில் என்ன புதுமை? அதே பாதையில் அதே நேரத்தில் இன்னொருவரும் நிற்பார். அவர் பக்கத்து அறையில் இருக்கலாம். பக்கத்து ஊரிலும் இருக்கலாம்.

1980-ல் எஸ்ஸெக்ஸ் கம்ப்யூட்டர், இன்டர்நெட்டின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டோடு இணைக்கப்பட்டது. கடல் கடந்தும் ஆட்கள் வர வழி பிறந்தது. வெளி ஆட்களுக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் அனுமதி. பகலில் கம்ப்யூட்டருக்கு வேறு உருப்படியான வேலைகள் இருந்தன.

இங்கே டஞ்சன் மாஸ்டர் யார்? பாதி வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. கதவு உடைந்ததா, அடி பட்டதா என்று அதுவே சொல்லிவிடும். திருடன் போலீஸ் தகராறு தீர்ந்தது. மீதிப் பாதிக்கு டிரப்ஷாவும் பார்ட்டிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆடி ஆடி உச்சப் புள்ளி எடுத்தவர் 'விசார்ட்' ஆகிவிடுவார். மந்திரவாதி. கண்ணுக்குத் தெரியாமல் நடமாடலாம். அடுத்தவர் என்ன டைப் செய்கிறார் என்று ஒட்டுக் கேட்கலாம். மரண விரல் என்று ஒரு கட்டளைகூட இருந்தது. மந்திரவாதி அதைக் காட்டினால், எதிராளி மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் அந்த நிமிடமே காலி. 'படலையே' என்றெல்லாம் சொல்ல முடியாது.

மட் பெருகியது. மாணவர்கள் ஆளாளுக்கு ஒன்று எழுதினார்கள். 1989-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் ஒரு குட்டி மட் செய்தார். அதில் சண்டையை எடுத்துவிட்டார். புள்ளி இல்லை. யாரையும் வெட்டவேண்டாம். வந்தவர்கள் தாங்களே அறை கட்டலாம், பொருள் செய்யலாம், கூடிப் பேசலாம். அரட்டைதான், ஆனால் வேஷம் கட்டிக்கொண்டு அரட்டை.

அந்த வழியில் வந்ததுதான் நம் கதாநாயகன், லாம்டாமூ.

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. பார்க் என்பார்கள். லேசர் பிரின்டர் பிறந்த வீடு. மவுஸ் பிடித்து ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற கம்ப்யூட்டரை ஊருக்கு முன்னால் செய்து பார்த்த இடம். அங்கே வேலை பார்த்தவர் பேவல் கர்ட்டிஸ். ஸ்டீபன் வொய்ட் என்கிற மாணவர் எழுதிய ஒரு மட் புரோகிராமை எடுத்து விரிவாக்கி, 1990-ல் லாம்டாமூவைத் தொடங்கினார். உலகம் எப்படி இருக்கவேண்டும்? கோட்டையா, குகையா? கர்ட்டிஸ் தன் சொந்த வீட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டார். உள்ளே நுழைகிறவர் முதலில் கண் விழிப்பது கோட்டு மாட்டும் ஓர் இருட்டு அலமாரியில். கதவைத் திறந்தால் வரவேற்பறை. அங்கே எப்போதும் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் யார் என்பது உங்கள் இஷ்டம். பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா, உங்கள் விருப்பம். டால்ஃபினாகக்கூட இருக்கலாம். அங்கேயே புரோகிராம் எழுதி வீடு கட்டலாம், பறக்கும் கம்பளம் செய்யலாம், பொம்மை செய்யலாம். ஆட்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். படிப்பை விட்டு, தூக்கத்தை விட்டு, ராத்திரி முழுக்க அந்த இல்லாத வீட்டில் குடியிருந்தவர்கள் பலர்.

கர்ட்டிஸுக்கு அங்கே ஹாக்கன் என்று பெயர். தலைமை மந்திரவாதி. கூடவே சில துணை மந்திரவாதிகள். எல்லோரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். என்ன வேலை? கம்ப்யூட்டர் படுத்தால் எழுப்புவது. அது சின்ன வேலை. பெரிய வேலை பஞ்சாயத்து. 'அவன் என்னைத் திட்டினான்.' 'அவள் என் அறைக்குள் அனுமதியில்லாமல் வந்தாள்.' 'இவனைத் துரத்து.' 'அவனை ஏன் துரத்தினாய்?' ஆயிரம் பேர் வசிக்கிற அபார்ட்மென்ட்டில் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருந்து பாருங்கள், தெரியும். இத்தனைக்கும் மெயின்டனன்ஸ் வசூல்கூடக் கிடையாது.

1992 டிசம்பரில் ஹாக்கன் ஓர் அறிவிப்பு போட்டார். 'லாம்டாமூ புதிய திசையில் செல்கிறது' என்று அதற்குத் தலைப்பு. சாராம்சம் இதுதான். மந்திரவாதிகள் இனிமேல் வெறும் டெக்னீஷியன்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வோம். உங்கள் சண்டை சச்சரவுகளில் தலையிட மாட்டோம். நீங்கள் வளர்ந்தவர்கள். உங்கள் சமூகத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்.

அழகான அறிவிப்பு. ஜனநாயகவாதியின் அறிவிப்பு. பி.காம். படித்த புத்திக்கு ஒன்றுதான் இடிக்கிறது. ஒரு மேனேஜர் வேலையை விட்டுப் போனால், சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் அடுத்தவரிடம் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போவார். இங்கே சார்ஜ் எடுத்துக்கொள்ள ஆளே நியமிக்கப்படவில்லை. சாவியும் மந்திரவாதிகளின் இடுப்பில்தான் இருந்தது. 'இனி பூட்டவும் மாட்டேன், திறக்கவும் மாட்டேன்' என்று சத்தியம் மட்டும் செய்துகொடுத்திருந்தார்கள்.

மூன்று மாதம் ஓடியது.

1993 மார்ச். ஒரு திங்கட்கிழமை இரவு. வரவேற்பறையில் வழக்கமான கூட்டம். மிஸ்டர் பங்கிள் என்று ஒருவன் வந்தான். கோமாளி வேஷம். அருவருப்பான கோமாளி. அவனிடம் ஒரு சூனிய பொம்மை இருந்தது. பொம்மை என்றால் ஒரு புரோகிராம். அதன் வேலை என்னவென்றால், அடுத்தவர் செய்வதுபோல வரிகளை அவன் எழுதலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதுவுமே டைப் செய்யவில்லை. ஆனால் திரையில், உங்கள் பெயருக்குப் பக்கத்தில், நீங்கள் இன்ன காரியம் செய்கிறீர்கள் என்று வரி ஓடுகிறது. அறையிலுள்ள அத்தனை பேரும் படிக்கிறார்கள். உங்களால் நிறுத்த முடியாது.

லெக்பா என்கிற பாத்திரத்தை அவன் முதலில் பிடித்தான். ஹைட்டி நாட்டுத் தொன்மத்தில் வருகிற தந்திரக்கார ஆவியின் பெயர் அது. பிறகு ஸ்டார்சிங்கர் என்கிற இன்னொரு பாத்திரம். வேறு சிலரும். பாலியல் வக்கிரம். அவர்கள் தாங்களே தங்களைச் சிதைத்துக்கொள்வதுபோல, தாங்களே விரும்புவதுபோல, வரி வரியாக எழுதிக்கொண்டே போனான். அவனை அறையை விட்டு வெளியேற்றினார்கள். பொம்மைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேறு அறையிலிருந்து தொடர்ந்தான். கடைசியில் பழைய ஆசாமி ஒருவர், விசேஷ சக்தியுள்ள ஒரு துப்பாக்கியால் அவனைச் சுட்டார். பொம்மையின் சக்தி தாண்ட முடியாத கூண்டுக்குள் அவன் அடைபட்டான். அன்றைக்கு அதோடு நின்றது.

வெறும் எழுத்துதானே? அடித்தானா, தொட்டானா? இந்தக் கேள்வி உங்களுக்கு இப்போது வந்திருந்தால், நீங்கள் தனி ஆள் இல்லை. லாம்டாமூவில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள்.

லெக்பாவாக ஆடியவர் சியாட்டில் நகரத்துப் பெண். நடந்ததைப் பற்றிப் பொதுப் பலகையில் ஒரு குறிப்பு எழுதினார். பாதிக் கோபம், பாதி, வெளியில் காட்டிக்கொள்ளாத எகத்தாளம். எனக்குச் சட்டமும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், என்ன வேண்டுமென்று எனக்கே தெரியவில்லை என்கிற தொனி. ஆனால், அதை டைப் செய்யும்போது கன்னத்தில் கண்ணீர் வழிந்ததாகப் பிற்பாடு ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். வேஷம் கட்டியது வேஷத்துக்குத்தான். அழுதது ஆள்.

விரைவிலேயே அவர் தெளிவாகக் கேட்டார். பங்கிளைத் தேரையாக்கு.

தேரையாக்குவது என்பது மட் உலகத்தின் பழைய தண்டனை. மந்திரவாதி சாபம் கொடுத்தால் ராஜகுமாரன் தேரையாகிற கதை மாதிரி. லாம்டாமூவில் அதன் அர்த்தம், பாத்திரத்தை அடியோடு அழித்துவிடுவது. மரண தண்டனை. அந்தக் கட்டளை மந்திரவாதிகளிடம் மட்டுமே இருந்தது. அவர்களோ மூன்று மாதம் முன்னால்தான் கை கழுவி, துண்டால் துடைத்தும் விட்டார்கள்.

ஊர் நாலாகப் பிரிந்தது. சட்டம் எழுது, கோர்ட் வை, பிறகு தண்டனை கொடு என்றது ஒரு கட்சி. பங்கிள் எந்த விதியை மீறினான், விதியே இல்லையே என்று அவர்களே குழம்பினார்கள். பழையபடி மந்திரவாதிகளே ஆளட்டும் என்றது ராஜ விசுவாசிகள் கட்சி. மந்திரவாதியே வேண்டாம் என்றது இன்னொரு கட்சி. நாலாவது கட்சி சொன்னதுதான் சுவாரசியம். பிடிக்காதவன் பேச்சு உன் திரையில் வராமல் அடைக்க ஒரு கட்டளை இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டுப் போயேன், எதற்கு ஆர்ப்பாட்டம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். யோசித்துப் பாருங்கள். நடுத்தெருவில் ஒருவன் உங்கள் பெயரைச் சொல்லி அசிங்கம் பேசுகிறான். நீங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். தெரு கேட்டுக்கொண்டுதானே இருக்கும்?

மந்திரவாதிகளிடமிருந்து பதில் இல்லை. கர்ட்டிஸ் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு கூட்டம் கூட்டினார்கள். சுமார் 30 பேர் வந்தார்கள். மணிக்கணக்கில் அந்த 30 பேரும் டைப் செய்த கருத்துகள் திரையில் மலைபோல் குவிந்தன. ஒரு முடிவும் வரவில்லை. நடுவில் யார் வந்து நின்றது தெரியுமா? பங்கிளேதான்! ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். மனோதத்துவப் பரிசோதனை மாதிரி என்றான். நிஜ வாழ்க்கையில் இதற்கு ஒரு விளைவும் கிடையாதே என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

கூட்டமும் கலைந்தது. ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜோஃபீட்பேக் என்கிற மந்திரவாதியும் ஒருவர். பெரும்பாலானவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அதைச் செய்ய ஒரு வழிமுறையும் இல்லை என்பதும் புரிந்தது. சத்தியத்தை மீறவேண்டும், இல்லையென்றால் சும்மா இருக்கவேண்டும். தனியாக உட்கார்ந்து யோசித்தார். கட்டளையைத் தட்டினார்.

மிஸ்டர் பங்கிள் இல்லை. தேடினால் அப்படி ஒருவர் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

ஊர் திரும்பிய கர்ட்டிஸ், மலைபோல் குவிந்திருந்த விவாதங்களை உட்கார்ந்து படித்தார். மந்திரவாதி ஒருவர் தன்னிச்சையாகக் கொன்றிருக்கிறார். கொல்லாமலும் இருந்திருக்க முடியாது. அப்படியானால் குறை ஆளிடம் இல்லை, அமைப்பில். ஒரு திட்டம் அறிவித்தார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். போதிய கையெழுத்து சேர்ந்தால், செய்ய முடிகிற காரியம்தானா என்று மந்திரவாதிகள் பார்ப்பார்கள். பிறகு பொது வாக்கெடுப்பு. எதிர்ப்பதைப்போல இரண்டு மடங்கு ஆதரவு இருந்தால் சட்டம். மந்திரவாதிகள் மறுபேச்சில்லாமல் நிறைவேற்றுவார்கள்.

1993 டிசம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் ஜூலியன் டிபெல் இந்தச் சம்பவத்தை விரிவாக எழுதினார். இன்டர்நெட் என்றால் என்னவென்று பாதி உலகத்துக்குத் தெரியாத காலம். ஒரு விளையாட்டுக்குள் நடந்த விவகாரத்தைச் சட்ட நிபுணர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். பின்னாளில் இணையச் சட்டத்தில் பெரிய பெயரான லாரன்ஸ் லெஸிக், தன்னை அந்தத் துறைக்கு இழுத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார். 1996-ல் ஜெனிஃபர் ம்னூகின் லாம்டாமூவின் சட்டங்களைப் பற்றி நீண்ட ஆய்வே எழுதினார். 2022-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தாரே, அவரேதான்.

ஆராய்ச்சிக்கு விஷயம் நிறைய இருந்தது. வாக்கெடுப்பில் முதலில் பிறந்தவற்றுள் ஒன்று மத்தியஸ்த முறை. தகராறு என்றால் குடிமக்களில் ஒருவரே நடுவராக உட்கார்ந்து தீர்ப்பு சொல்வார். தண்டனையிலும் தரவரிசை உண்டு. தேரையாக்கினால் நிரந்தர அழிவு. நியூட் என்று பல்லி ஜாடையில் ஒரு நீர்ப்பிராணி இருக்கிறது. அதுவாக்கினால் தற்காலிக சஸ்பென்ஷன்.

சொத்துத் தகராறும் வந்தது. அங்கே நிலம் என்றால் கம்ப்யூட்டரின் நினைவகம். ஒவ்வொருவருக்கும் இத்தனை பைட் என்று ரேஷன். கூடுதலாக வேண்டுமானால் ஒரு கமிட்டியிடம் விண்ணப்பம் போட்டு, உன் படைப்பு ஊருக்குப் பயன்படும் என்று நிரூபிக்கவேண்டும். கமிட்டிக்குத் தேர்தல். தேர்தல் என்றால் பிரசாரம், கோஷ்டி, வேண்டியவனுக்கு ஒதுக்கீடு என்கிற புகார். எல்லாம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது.

கர்ட்டிஸ் அதிகாரத்தைக் கொடுத்ததைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். டெக்னிக்கல் முடிவு வேறு, சமூக முடிவு வேறு என்று அவர் நம்பியதுதான் இடறியது. ஒருவருக்கு எத்தனை பைட் என்பது டெக்னிக்கலா, சமூகமா? கம்ப்யூட்டர் மெதுவாகிறது, புதிதாக வருகிறவர்களை வரிசையில் நிறுத்து என்றால் அது டெக்னிக்கலா? சூனிய பொம்மை மாதிரி ஒரு புரோகிராமை எழுத விடுவதா வேண்டாமா என்பது? டெக்னீஷியன் கை வைக்கிற ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் யாரோ ஒருவருக்கு லாபம், யாரோ ஒருவருக்கு நஷ்டம். மந்திரவாதிகள் எதைச் செய்தாலும், 'சத்தியத்தை மீறிவிட்டாய்' என்று ஒரு கூட்டம் பாய்ந்தது. செய்யாவிட்டால் இன்னொரு கூட்டம் பாய்ந்தது. மத்தியஸ்தத் தீர்ப்புகளை எதிர்த்து மத்தியஸ்தம். வாக்கெடுப்பை மாற்ற வாக்கெடுப்பு. எரிந்து விழுவதும் மிரட்டுவதும் தினசரி சமாசாரம் ஆனது. ஆட வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு முழுநேரச் சட்டசபை உறுப்பினர்கள் ஆகிவிட்டார்கள்.

1996 மே மாதம் மந்திரவாதிகள் மறுபடி ஓர் அறிவிப்பு போட்டார்கள். 'லாம்டாமூ வேறொரு திசையில் செல்கிறது.' சமூக விஷயங்களில் தலையிடாமல் இருப்போம் என்று சொன்னோம். அது முடியாத காரியம். இத்தனை நாளும் நாங்கள் தலையிட்டுக்கொண்டுதான் இருந்தோம். இனிமேல் தலையிடவில்லை என்று பாசாங்கு செய்யப்போவதில்லை. தேவைப்பட்டால் நாங்களே முடிவெடுப்போம்.

மூன்றரை வருட ஜனநாயகம் அதோடு மடித்து வைக்கப்பட்டது. சிலர் துரோகம் என்று கத்தினார்கள். சிலர் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார்கள். பலர் கவனிக்கவே இல்லை. வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

பங்கிள் கணக்கில் ஒரு பாக்கி இருக்கிறது. தேரையாக்கப்பட்ட கொஞ்ச நாளிலேயே டாக்டர் ஜெஸ்ட் என்று ஒரு புதுப் பாத்திரம் உள்ளே வந்தது. பழைய ஆட்களுக்குப் பார்த்தவுடனே வாசனை தெரிந்துவிட்டது. அவனேதான். இன்னொரு பெயரில், இன்னொரு கணக்கில். இந்த முறை அந்த அளவுக்கு வம்பு பண்ணவில்லை, மெல்ல மெல்லக் காணாமல் போனான்.

பங்கிளின் இணைப்பு நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆள் யார் என்பதில் டிபெல்லுக்குப் பிற்பாடு இன்னொரு தகவல் கிடைத்தது. அந்தத் திங்கட்கிழமை இரவு கீபோர்டு இருந்தது மாணவர் விடுதி அறை ஒன்றில். டைப் செய்தது ஒரு பையன். இப்படி எழுது, அப்படி எழுது என்று பின்னால் நின்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தவர்கள் பல பேர்.